நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், தரை துடைப்பவர்கள், மேலாளர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை யாராவது வாசித்தால் அவளே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் திரும்புவாள். இருபத்திரண்டு வருஷம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கணீரென்ற குரல். முதல் நடைமேடையில் தூங்கிக்கொண்டிருப்பவர் கூடத் தன் ஊர்ப் பெயர் வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

பதினெட்டாவது வருஷம் நிர்வாகம் ஓர் அறிவிப்புப் பெட்டி வாங்கியது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு அறையில் அவளை மூன்று நாள் உட்கார வைத்து, வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிடங்கள். நடைமேடை. புறப்படும். வழியாக. ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றும் இரண்டு தடவை. பெட்டி அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டித் தானே வாக்கியம் சொல்லும். அதற்குப் பிறகு அவள் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும்தான். கூட்டம் அலைமோதும் நாட்களிலும் வண்டி பழுதாகும்போதும் மட்டும் நேரடியாகப் பேசுவாள்.

ஐம்பதாவது வயதில் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. சாப்பிடலாம், குடிக்கலாம், நடக்கலாம். பேச முடியாது.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது கண்ணாடி அறையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவசரத்துக்கு வாய் திறந்து பேச ஆள் வேண்டுமே என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார். அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பள்ளிப் பை, ஒரு தடவை ஒரு பல்செட். எல்லாவற்றையும் கணினியில் பதிந்து அலமாரியில் வைக்க வேண்டும். காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு வரை. அந்த அறைக்கு நேர் மேலே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம் தலைக்கு மேலே அவள் குரல் பேசும். கீழே அவள் வாயை மூடிக்கொண்டு செருப்புக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பாள்.

பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். முகத்துக்கு நேரே வந்து கத்துவார்கள். அவள் ஒரு சின்னப் பலகையும் பேனாவும் வைத்திருந்தாள். டீ நேரத்தில் நடத்துநர்களோடு உட்காருவாள். ஒருவர் ஏதாவது சொன்னால் அதற்குச் சுருக்கென்று ஒரு பதில் அவளுக்குத் தோன்றும். எழுதி முடிப்பதற்குள் பேச்சு நாலு திருப்பம் தாண்டிப் போயிருக்கும். காட்டாமலே அழித்துவிடுவாள். கொஞ்ச நாளில் டீயை அறைக்கே வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று சொல்ல ஒரே ஒரு அக்கா. ஆறு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில், பார்வையற்றோர் இல்லத்தில் இருந்தாள். முப்பத்தாறு வயதில் கண் போனவள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் இல்லத்துத் தொலைபேசியில் அக்காவின் முறை. இருபது வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் பேசாத விஷயம் கிடையாது.

இப்போது ஒருத்தியால் பார்க்க முடியாது, இன்னொருத்தியால் பேச முடியாது. நேரில் போனால் அக்காவின் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டலாம். ஆனால் பயணத் தூசி கழுத்துத் துளைக்குள் போய் ஒரு தடவை இருமலில் ரத்தம் வந்ததும், ஒரு வருஷத்துக்கு நெடும்பயணம் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மீதி இருந்தது தொலைபேசி. அக்கா கேள்வி கேட்பாள். இவள் நகத்தால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. முதல் இரண்டு மாதம் அக்கா விடாமல் கேள்வி கண்டுபிடித்துக் கேட்டாள். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகள் ஒரு அளவுக்கு மேல் மனுஷரிடம் இருப்பதில்லை. ஒரு மணி நேரம் அரை மணியாயிற்று, அப்புறம் பத்து நிமிஷமாயிற்று.

கழுத்தில் வைத்து அழுத்தினால் ரீங்காரமாகப் பேச வைக்கும் ஒரு கருவியை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு அதில் ஒரு சொல் கூடப் புரியவில்லை, வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். எழுதினால் படித்துக் காட்டும் கைபேசிக் குரல் ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்து, எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் நிலையத்துக்குப் புதுப் பெட்டி வந்தது. அதற்கு யாருடைய குரலும் தேவையில்லை, எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும் அதுவே உண்டாக்கிச் சொல்லும். பழையதைக் கழற்ற ஒரு நடுவயது மெக்கானிக் வந்தார். தொலைந்த பொருட்கள் அறைக்குப் பின்னால்தான் அந்தப் பெட்டியின் அலமாரி. மைக்கம்மா அவர் முன்னால் போய் நின்று பலகையை நீட்டினாள்.

"இதில் இருப்பது என் குரல். எனக்கு வேண்டும்."

அவர் பலகையைப் பார்த்தார், அவள் கழுத்துத் துணியைப் பார்த்தார். நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"எப்படியும் அழிக்கத்தான் போறாங்கம்மா," என்றார். "பென் ட்ரைவ் இருக்கா?"

அவள் தொலைந்த பொருட்கள் அலமாரியைத் திறந்தாள். யாரும் தேடி வராமல் கெடு கடந்த பென் ட்ரைவ்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவர் அதில் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்தார். போகும்போது, ஒலித் துண்டுகள் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது, ஒட்டுகிற ப்ரோகிராம் பெட்டியோடு போய்விடும், ஆனால் அதை எழுதியவர் லைப்ரரியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், யாராவது தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்றார். மறுநாள் காலை தலைக்கு மேலே வேறொரு பெண் பேசினாள். ஊர்ப் பெயர்களை எல்லாம் வெளியூர்க்காரி மாதிரி அழுத்தம் மாற்றிச் சொன்னாள். மைக்கம்மாவைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

தெரிந்தவர் என்று அவளுக்கு யாரும் இல்லை. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மூன்றிலிருந்து ஆறு வரை வெயில் ஜன்னலில் நிற்கும், அவள் மேஜை முன்னால் உட்காருவாள். பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. பென் ட்ரைவைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு ஒலித் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எந்த எண் எந்த வார்த்தை என்று ஒரு பட்டியல். சி என்ற கணினி மொழியில் எழுதிய நாலு சின்ன ஃபைல்கள்: ஒன்று துண்டைத் திறக்க, ஒன்று முனையில் இருக்கும் மௌனத்தை வெட்ட, ஒன்று இரண்டை ஒட்ட, ஒன்று சேர்ந்ததைச் சேமிக்க. கூடவே ஆங்கிலத்தில் இரண்டு வரிக் குறிப்பு. முதலில் லைப்ரரியைக் கட்டு, பிறகு உன் ப்ரோகிராமோடு இணை.

லைப்ரரி என்றால் அவளுக்குத் தெரிந்தது தெருமுனையில் இருந்த நூலகம். அதை எப்படிக் கட்டுவது என்று முதல் நாள் முழுக்கக் குழம்பினாள். இணையத்தில் தேடி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தாள். அடிக்கடி பயன்படுகிற வேலைகளை முன்கூட்டியே எழுதி மூட்டையாகக் கட்டி வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். யார் வேண்டுமானாலும் அந்த மூட்டையிலிருந்து எடுத்துத் தன் ப்ரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம். மனுஷர் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர். மாற்றிய பகுதிகளை ஒன்றோடொன்று கோத்துத் தருவது லிங்கர். இது புரிவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதலில் கம்பைலர் அவளைப் படுத்தி எடுத்தது. தானாக ஒரு பத்து வரி எழுதிப் பார்த்தாள். பதினேழு பிழைகள் என்றது. பத்து வரியில் பதினேழு பிழை எப்படி வரும் என்று வரிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். ஒரு இடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டதும் பதினேழும் ஓடிவிட்டன. மறுநாள் வேலையில் ஒருவர் தன் குடையைக் காணோம் என்று அவள் காதருகே கத்தியபோது கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

நாலு ஃபைல்களையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டும் கட்டளையைக் கண்டுபிடித்துக் கட்டினாள். ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது, திரையில் பிழை என்று எதுவும் வரவில்லை. ஃபைல்களின் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது, அவள் கையால் கட்டிய லைப்ரரி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது தன் ப்ரோகிராமோடு இணைப்பது. எண்களைத் தட்டினால் அந்தத் துண்டுகளை ஒட்டித் தரும்படி முப்பது வரி எழுதியிருந்தாள். அது தனியாகப் பிழையில்லாமல் மாறியது. லைப்ரரியும் பிழையில்லாமல் இருந்தது. இரண்டையும் சேர் என்றால் மட்டும் லிங்கர் முரண்டு பிடித்தது. திறக்கும் வேலை எங்கே என்று தெரியவில்லை, ஒட்டும் வேலை எங்கே என்று தெரியவில்லை என்று நாலு வரி திட்டியது. எல்லாம் அந்த மூட்டைக்குள்ளேதான் இருந்தன. மூட்டையைப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கூடப் பார்த்துவிட்டாள், நாலும் பத்திரமாக இருந்தன. இருக்கிற பொருளை இல்லை என்று சாதிக்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது.

பதினொரு நாள் அப்படியே நின்றது. ஒரு இணைய மன்றத்தில் கேள்வியை எழுதிப் போட்டாள். ஒரு மணி நேரத்தில், இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று ஒருவர் எழுதி அந்தக் கேள்வியையே பூட்டிவிட்டார். அவர் காட்டிய பழைய கேள்வியைப் போய்ப் பார்த்தாள். அது வேறு ஏதோ. திரும்ப எழுத அவளுக்கு மனசு வரவில்லை. அந்த வாரம் அக்காவின் அழைப்பு ஆறு நிமிஷத்தில் முடிந்தது. வானிலை எப்படி என்று கேட்டுவிட்டு, அதற்குத் தட்டிப் பதில் சொல்ல முடியாது என்று நினைவு வந்து, அக்காவே சங்கடப்பட்டு வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கட்டளையைத் திரும்பத் தட்டும்போது கை தவறிவிட்டது. எப்போதும் லைப்ரரியை முதலில் எழுதி, தன் ஃபைலைப் பின்னால் எழுதுவாள். அன்றைக்குத் தன் ஃபைலை முதலில் எழுதிவிட்டாள். அழிக்கலாமா என்று யோசித்துவிட்டு, கிடக்கட்டும் என்று அனுப்பினாள். லிங்கர் ஒன்றுமே சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்துவிட்டது.

அவள் சந்தோஷப்படவில்லை, அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது. ப்ரோகிராமை ஓட்டிப் பார்க்காமல், ஏன் சேர்ந்தது என்று இரண்டு நாள் தேடினாள். விஷயம் சின்னதுதான். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். லைப்ரரியை முதலில் பார்த்தால், இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லையே என்று ஒன்றையும் எடுக்காமல் தாண்டிவிடும். அப்புறம் அவள் ஃபைல் வந்து அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கும்போது கடை மூடியாகிவிட்டது. கேட்கிற ஆள் முதலில் வர வேண்டும், கொடுக்கிற ஆள் பின்னால் நிற்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கா பதினொரு நாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பலகையை எடுத்து அதைத் தெளிவாக எழுதி, காட்ட யாரும் இல்லாமல், கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

முதல் தடவை ஓட்டியபோது கீச்கீச்சென்று ஒரு எலி பேசியது. வேகத்தை இரண்டு மடங்காகக் கொடுத்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் வராத சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. எண்ணைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினாள்.

"வணக்கம்," என்று அவள் குரல் அந்த அறையில் சொன்னது.

நிலையத்தில் தலைக்கு மேலே எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட குரல்தான். ஆனால் வீட்டுக்குள் அதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் எழுந்து போய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அடுத்த சிக்கல், அந்தக் குரலுக்குப் பேருந்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பது. பட்டியலில் எல்லா ஊரும் இருந்தது, அக்கா இல்லை. 'அடுத்த' என்ற சொல்லிலிருந்து 'அ' எடுத்தாள். 'பயணிகளுக்காக' என்ற சொல்லின் நடுவிலிருந்து 'க்கா'வை வெட்டினாள். ஒட்டினால் முதல் எழுத்து உரக்கவும் இரண்டாவது இறங்கியும் கேட்டது. ஒன்பது தடவை வெட்டி ஒட்டிய பிறகு ஓரளவுக்குக் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

இப்படி வெட்டுவதற்கு எந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். அதற்காக எல்லாத் துண்டுகளின் நீளத்தையும் வரிசையாகக் காட்ட ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதினாள். எந்தப் பக்கத்தையும் பார்க்காமல் அவளே எழுதிய முதல் ப்ரோகிராம் அதுதான். எல்லாம் ஒன்று, ஒன்றரை நொடி. இருநூற்று எண்பத்தேழாவது துண்டு மட்டும் ஒன்பது நொடி. அது 'வழியாக' என்ற ஒரே சொல். எங்கோ பிழை என்று நினைத்து அதை முழுசாக ஓட்டிப் பார்த்தாள். வழியாக, என்றது. பிறகு மௌனம். பெட்டி எப்போதும் அந்த மௌனத்தோடு நிறுத்திவிடும், அதற்கு மேல் இருப்பதை யாரும் கேட்டதில்லை. மௌனத்துக்குப் பிறகு நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அவள், மைக்குக்குப் பேசாமல், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் பேசினாள்.

"போதுமா சார்? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவளுக்கு அப்படிச் சொன்னது நினைவே இல்லை. யாரும் நினைவு வைத்துக்கொள்ளும்படியான பேச்சா அது.

ஞாயிற்றுக்கிழமைக்காகப் பதினோரு வாக்கியம் தயார் செய்து வைத்தாள். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று மணிக்கு அக்கா, "இருக்கியாடி?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டுக்காகக் காத்திருந்தாள். மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா. வணக்கம்."

யாரது என்று அக்கா மெல்லக் கேட்டாள். அவள் மறுபடி அதையே போட்டாள்.

"குரல் வந்துடுச்சா?" என்றாள் அக்கா. "சரி பண்ணிட்டாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று இவள் யோசிக்கவே இல்லை. தயார் செய்த பதினொன்றில் இதற்குப் பதில் கிடையாது. பட்டியலில் தேடினாள். 'இன்று இந்த வண்டி இல்லை' என்பதில் 'இல்லை' இருந்தது. அதைத் தேடி எண்ணைத் தட்டி அனுப்ப அரை நிமிஷம் ஆயிற்று.

"இல்லை."

"அப்ப பேசறது யாரு?"

இதற்கு நாலு நிமிஷம் ஆயிற்று. தட்டச்சுச் சத்தம் கேட்கிறது, அவசரமில்லை, நிதானமாகச் செய் என்று அக்கா நடுவில் சொன்னாள். 'பழைய பேருந்து நிலையம்' என்பதிலிருந்து ஒரு சொல். 'முன்பதிவு' என்பதில் முன்பாதியை வெட்டி மீதி.

"இது. பழைய. பதிவு."

அக்கா அழுதாள். கொஞ்ச நேரம்தான். மூக்கை உறிஞ்சிவிட்டு, "பழசா இருந்தா என்னடி," என்றாள். "உன் தொண்டையிலேர்ந்து வந்ததுதானே. பேசு."

அதன் பிறகு ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அக்கா என்று ஏன் இவ்வளவு அதிகாரமாகக் கூப்பிடுகிறாய், வண்டியை விட்டு இறங்கச் சொல்வது போல இருக்கிறது என்று அக்கா கேலி செய்தாள். மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "நாற்பது நிமிடங்கள் தாமதமாக," என்று பதில் போனது. அக்கா சிரித்த சிரிப்பில் இல்லப் பொறுப்பாளர் என்ன ஆயிற்று என்று வந்து பார்த்துவிட்டுப் போனார். உடம்பு எப்படி என்றதற்கு, "சிறப்பு வண்டி. மெதுவாக," என்றாள் மைக்கம்மா.

கடைசியாக இருநூற்று எண்பத்தேழின் வாலைப் போட்டாள். முன்னால் எதுவும் சொல்லாமல் போட்டாள்.

"போதுமா சார்? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."



"இதுதான்டி நீ," என்றாள் அக்கா. "மத்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு." பிறகு, "சரி, போய்க் குடிச்சிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்," என்றாள்.

மைக்கம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது அக்கா இருந்தாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு நீண்ட வாக்கியம் கோக்க இருபது நிமிஷம் ஆகும். திங்கள் முதல் சனி வரை மத்தியானங்களில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அக்கா என்ன கேட்பாள் என்று யோசித்து யோசித்துப் பதில் கட்டி வைப்பாள். அக்கா அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டுவிடுவாள். கட்டி வைத்தது அப்படியே கிடக்கும். கோபப்பட அந்தக் குரலில் வழியில்லை, கொஞ்சவும் வழியில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கூட 'வருந்துகிறோம்' என்றுதான் வரும், நிர்வாகமே சேர்ந்து வருந்துகிற மாதிரி. இல்லத்தில் மற்றவர்கள் விஷயம் தெரிந்து தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பது ஊர் சொல்லி முடித்தால் அக்காவுக்கு மிஞ்சுவது கால் மணி நேரம். போனை வைத்த பிறகு வீட்டில் இருக்கும் அமைதி முன்பு இருந்ததைவிடக் கனமாகவே இருந்தது.

லைப்ரரியை எழுதியவருக்கு நன்றி சொல்ல நினைத்தாள். ஃபைலின் தலைப்பில் இரண்டு எழுத்தும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. எழுதினாள். அப்படி ஒரு முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்தது. லைப்ரரியில் அவள் ஐந்தாவதாக ஒரு ஃபைல் சேர்த்தாள். இரண்டு சொற்களுக்கு நடுவில் மூச்சு வாங்குகிற அளவு இடைவெளி விடுவது அதன் வேலை. திரும்பக் கட்டி, சரியான வரிசையில் இணைத்தாள். அந்த வேலைக்கு இப்போது ஒரு நிமிஷம் போதும்.

டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முடிந்ததும் அவர் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, துணியை இரட்டையாகக் கட்டிக்கொண்டு போனால் பயணம் செய்யலாம் என்றார். அன்று மத்தியானம் அவள் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'வருகிறது' இருந்தது, வண்டிக்குச் சொல்வது. 'புறப்படும்' இருந்தது. தனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இருநூற்று எண்பத்தேழைத் திறந்து கடைசி ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அக்கா என்னடி விசேஷம் என்றாள்.

"அக்கா. வரேன்."

எப்போது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு இங்கே சேரும், எங்கே நிற்கும் என்று அக்கா மூச்சு விடாமல் கேட்டாள். இந்தக் கேள்விகளுக்கு மைக்கம்மா எதையும் முன்கூட்டிக் கட்டி வைத்திருக்கவில்லை. பட்டியலைக்கூட அவள் பார்க்கவில்லை, எண்கள் விரலிலேயே இருந்தன. பத்தாம் தேதி, காலை ஏழு இருபது, நாலாவது நடைமேடை, எந்தெந்த ஊர் வழியாக என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு ஒரு வார்த்தை கூடக் குறையவில்லை.

அக்கா எதற்கும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். எழுதிக்கொள்ள ஆள் கூப்பிட்டிருந்தாள்.